விடுமுறைக் காலத்தில் எப்போது தூங்குவது? ராமநாதபுரம் கடற்கரைப் புகைப்படக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ராமேஸ்வரம் தீவில் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் படம் எடுத்துப் பிழைக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, நிக்காஹ், ஞானஸ்நானம், அவுட்டோர், சுற்றுலா வரும் குடும்பம் என்று எது வந்தாலும் எடுப்பேன். என்னிடம் வேலை பழகிவிட்டுத் தங்கச்சிமடத்திலும் கீழக்கரையிலும் தேவிபட்டினத்திலும் சொந்தமாகத் தொழில் செய்கிறவர்கள், கார்த்திகை பிறந்ததும் என்னை அழைக்கத் தொடங்கிவிடுவார்கள். லென்ஸைப் பற்றிக் கேட்கிறவர் குறைவு. “அண்ணே, இந்தச் சீசனில் எப்போது தூங்குவது?” என்பதுதான் சுற்றிச் சுற்றி வரும் கேள்வி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வற்றிவிட்டது. ஆகவே எழுதிவைக்கிறேன்.

நம் பகுதியில் விடுமுறைக் காலம் எதிலிருந்து எதுவரை?

பள்ளிக்கூடக் கணக்கில் அரையாண்டு விடுமுறை தொடங்கிப் பொங்கல் வரை. நம் தொழில் கணக்கு வேறு. மாலை போட்ட ஐயப்ப பக்தர்கள் வரத் தொடங்கும்போதே அக்னி தீர்த்தக் கரையில் கூட்டம் கூடிவிடுகிறது. அதன்பின் கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல், தை அமாவாசை. தை பிறந்தவுடன் முகூர்த்தங்களும் வந்து கழுத்தில் ஏறிக்கொள்ளும். நவம்பர் நடுவிலிருந்து பிப்ரவரித் தொடக்கம் வரை கிட்டத்தட்ட 80 நாள். “இந்த ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டால் போதும்” என்று நினைத்துத்தான் பலர் விழுகிறார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு வாரம் இருக்கலாம், 80 நாள் இருந்தால் பல் மிஞ்சாது.

மார்கழியில் கல்யாணம் கிடையாதே. அது ஓய்வு மாதம் ஆகாதா?

ஒரு காலத்தில் ஆகியிருந்தது. எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் மார்கழியில் ஸ்டுடியோவை அரைநாள்தான் திறப்பார். கேமராவைத் துடைத்து வைப்பார், டார்க் ரூம் தொட்டிகளைக் கழுவிக் கவிழ்ப்பார், மதியம் பாய் விரித்துப் படுத்துவிடுவார். தை முதல் தேதி புதுமாப்பிள்ளை போல வருவார்.

இன்று தையில் கல்யாணம் வைத்திருக்கும் ஜோடிகள் மார்கழியில் அவுட்டோர் எடுக்க வருகிறார்கள். முன்பு முகுந்தராயர் சத்திரத்தில் இறங்கி மணலில் வேன் பிடித்துத்தான் தனுஷ்கோடி போக வேண்டும். 2017-ல் தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை வரை சாலை திறந்தபின், மதுரையிலிருந்து காலையில் காரில் கிளம்பி, படம் எடுத்துக்கொண்டு, இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடுகிறார்கள். தங்கச்சிமடத்தில் கிறிஸ்துமஸ் முடிந்ததும் கல்யாணங்கள் வரிசையாக வரும். கீழக்கரை நிக்காஹ்களுக்கு மார்கழி தடையும் இல்லை. ஊர் வழக்கம் இலவசமாகத் தந்திருந்த ஒரு மாதத்தை நாமே கொஞ்சம் கொஞ்சமாக விற்றுவிட்டோம். விற்றதில் எனக்கும் பங்குண்டு. அந்த மாத வருமானத்தில்தான் என் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டினேன். அதனால் இதை அறமாகப் பேச எனக்கு யோக்கியதை கிடையாது. கணக்காக மட்டும் பேசுகிறேன்.

அப்படியானால் ஓய்வு நாளை எங்கிருந்து எடுப்பது?

ராமேஸ்வரம் துறைமுகத்திலிருந்து எடுக்கலாம். இங்கே விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகும்: திங்கள், புதன், சனி. மீதி நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு. இரண்டும் ஒரே நாளில் இறங்கியபோது வலைகள் அறுந்தன, கரையில் அடிதடி நடந்தது. அதன்பிறகுதான் நாளைப் பிரித்துக்கொண்டார்கள். விசைப்படகுக்காரருக்குச் செவ்வாய்க்கிழமை ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் அது தன் நாள் இல்லை என்று அவருக்குத் தெரியும், அன்று அவர் வலையைத் தைத்துக்கொண்டிருப்பார்.

நான் வாரத்தை இப்படித்தான் பிரித்திருக்கிறேன். நான்கு நாள் படம் எடுக்க, இரண்டு நாள் கணினிக்கு, ஒரு நாள் எனக்கு. என் நாள் செவ்வாய். நம் ஊரில் செவ்வாயில் நல்ல காரியம் வைப்பது குறைவு, வார இறுதிக் கூட்டமும் திங்களோடு வடிந்துவிடும், ஆக இழப்பும் குறைவு. நவம்பர் முதல் வாரத்திலேயே, ஒரு ஆர்டர்கூட எழுதுவதற்கு முன், பிப்ரவரி வரை எல்லாச் செவ்வாயையும் டைரியில் அடைத்துவிடுவேன்.

அதில் ஒரு சின்னத் தந்திரம். ‘ஓய்வு’ என்று எழுதாதீர்கள். வாடிக்கையாளர் எதிரில் உட்கார்ந்து டைரியை எட்டிப் பார்க்கும்போது கூச்சம் வந்து நீங்களே அடித்துவிடுவீர்கள். நான் ‘நாட்டுப்படகு’ என்று எழுதுகிறேன். ஏதோ மீனவர் வீட்டு விசேஷம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இதுவரை ஒருவர்கூட என்னவென்று கேட்டதில்லை.

மீன்பிடித் தடைக்காலம் மாதிரி நீண்ட ஓய்வு எடுக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அந்த 61 நாளும் நமக்குக் கோடை விடுமுறை வியாபாரம், எடுக்க முடியாது. நமக்கு வாய்த்தது ஆடி. முகூர்த்தம் இல்லை, கச்சான் காற்று தனுஷ்கோடி மணலை வாரி லென்ஸில் அடிக்கும், அவுட்டோரும் குறையும். ஆடி அமாவாசையைத் தள்ளிவிட்டு ஒரு வாரம் கடையைப் பூட்டுங்கள்.

நல்ல வெளிச்சம் காலையிலும் மாலையிலும். இரண்டையும் பிடித்தால் நாள் முழுக்கப் போய்விடுகிறதே?

நடுவில் இருப்பதை ஏன் விடுகிறீர்கள்? டிசம்பர் கடைசியில் இங்கே சூரியன் ஏறக்குறைய 6.25-க்கு எழுந்து 6 மணி வாக்கில் விழுகிறது. காலை ஒன்றரை மணி நேரமும் மாலை ஒன்றரை மணி நேரமும்தான் மனித முகத்துக்கு ஏற்ற வெளிச்சம். பத்தரையிலிருந்து மூன்றரை வரை எடுத்தால் கண்குழியில் கறுப்பு விழும், வெண்மணல் கீழிருந்து கண்ணைக் கூசவைக்கும், குடும்பம் மொத்தமும் புளி தின்றது போல முகத்தைச் சுருக்கிக்கொண்டு நிற்கும். வெளிச்சமே வேண்டாம் என்று சொல்லும் அந்த ஐந்து மணி நேரத்தில் ஒன்றரை மணி நேரம் தூங்குங்கள். படுக்கப் போகுமுன் கைப்பேசியை அடுத்த அறையில் வையுங்கள்.

ஆனால் காலையும் மாலையும் எடுத்துவிட்டு அன்றே இரவு ரிசப்ஷனும் ஒப்புக்கொள்வது வேறு கதை. ரிசப்ஷன் பதினொன்றுக்கு முடியும், மூட்டை கட்டி வீடு சேர நள்ளிரவு தாண்டும். மறுநாள் விடியல் ஆர்டர் இருந்தால் நான்கு மணிக்கு எழ வேண்டும். இந்தக் கணக்கை நான் போடாமல் விட்ட ஆண்டு ஒன்று உண்டு.

டிசம்பர் 31 இரவு ஒரு விடுதியில் புத்தாண்டு நிகழ்ச்சி எடுத்தேன். ஒன்றரைக்கு முடிந்தது. கோயம்புத்தூர்க் குடும்பம் ஒன்றை விடியலில் அரிச்சல்முனையில் எடுப்பதாக முன்பணம் வாங்கியிருந்தேன். போனேன், எடுத்தேன், படங்கள் நன்றாகவே வந்தன. திரும்பும்போது வண்டியிலேயே தூங்கியிருக்கிறேன். கண் விழித்தபோது சாலையோரம் காற்று கொட்டிவைத்திருந்த மணல்மேட்டில் பைக் புதைந்து நின்றது, நான் பக்கத்தில் கிடந்தேன். பத்தடி தள்ளிப் போயிருந்தால் கரைக்கு அடுக்கிய பாறைகள். கேமராப் பைக்கு ஒன்றும் ஆகவில்லை, இடது மணிக்கட்டு மட்டும் பெயர்ந்துவிட்டது. ஏழு தைக் கல்யாணங்களை வேறு ஆட்களுக்குக் கொடுத்தேன். ஒரே இரவில் இரண்டு ஆர்டர் பார்த்ததற்கு ஏழு ஆர்டர் விலை. தூக்கிவிட்ட கரைவலைக்காரப் பெரியவர், “கடலுக்குப் போகிறவன்கூட ஒருவன் தூங்கினால் ஒருவன் விழித்திருப்பான் தம்பி, நீ ஒற்றை ஆளாக வந்து தூங்குகிறாயே” என்றார். இன்றைக்கும் மழை நாளில் மணிக்கட்டு வலிக்கும்போது அவர் குரல் கேட்கும்.

ஆகவே என் விதி: விடியல் ஆர்டர் இருந்தால் முந்தைய இரவு நிகழ்ச்சி கிடையாது. இதற்கு விலக்கு இல்லை, சொந்த மைத்துனன் கல்யாணம் என்றாலும்.

படம் எடுப்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும். பிடித்ததைச் செய்வது ஓய்வுதானே?

இல்லை. தூங்கப் போகும்போது மின்விசிறி இறக்கையின் நிழல் எந்த ஷட்டர் வேகத்தில் நிற்கும் என்று யோசித்தால் நீங்கள் இன்னும் வேலையில்தான் இருக்கிறீர்கள்.

பாம்பன் பாலத்தில் ரயில் வரும்வரை காத்திருக்கிறோமே, அதை ஓய்வு என்று எடுத்துக்கொள்ளலாமா?

2025 ஏப்ரல் 6-ல் புதிய ரயில் பாலம் திறந்த நாளிலிருந்து எல்லோருக்கும் பின்னணியில் ரயில் வேண்டும். இல்லாவிட்டால் கப்பல் போவதற்காக அந்த 72.5 மீட்டர் தூக்குப் பகுதி மேலே ஏறும் காட்சி வேண்டும். காத்திருக்கும்போது உடம்பு சும்மா நிற்கிறது, ஆனால் கண் தண்டவாளத்தில் இருக்கிறது, மனம் வெளிச்சத்தைக் கணக்கிடுகிறது, கை பேட்டரியைத் தடவுகிறது. அது வேலை. கட்டணத்தில் சேருங்கள். நான் காத்திருப்புக்கு மணிக்கணக்கில் தனியாக வாங்கத் தொடங்கியதும் பாதிப் பேர் “ரயில் இல்லாமலே எடுங்கள் சார், பாலம் போதும்” என்றார்கள். வாரத்தில் நான்கைந்து மணி நேரம் மிச்சமானது. சாலைப் பாலத்தில் வண்டியை நிறுத்தி எடுக்கிற வேலை வேண்டாம். நெரிசல், போலீஸ் விசில், லாரிக் காற்று. கீழே பாம்பன் கரையில் நின்று எடுங்கள்.

எல்லோரும் அரிச்சல்முனையே கேட்கிறார்கள். போய்த் திரும்பவே நேரம் போய்விடுகிறது.

ராமேஸ்வரத்திலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர். விடுமுறை நாளில் வாகன வரிசை அதைவிட நீளமாகத் தோன்றும். மாலையில் கூட்டத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், ஆகவே அஸ்தமனம் எடுக்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். சோதனைச் சாவடியில் நேரத்தை முந்தைய நாளே விசாரியுங்கள்.

இதில் காற்றையும் பார்க்க வேண்டும். தனுஷ்கோடியில் வடக்கே உள்ளதைப் பெண்கடல் என்றும் தெற்கே உள்ளதை ஆண்கடல் என்றும் சொல்வோம். வாடைக் காலத்தில் பெயர் இடம் மாறிவிடும். பெண்கடல் கொந்தளிக்கும், ஆண்கடல் அடங்கிக் கிடக்கும். மார்கழியில் வடகரையில் ஜோடியை நிறுத்தினால் புடவையைப் பிடிக்க ஒருவர், முடியைப் பிடிக்க ஒருவர் வேண்டும், இருபது படம் எடுத்தால் ஒன்று தேறும். பாம்பன் பக்கம் தெற்குப் பார்த்த குந்துகால் கரையில் நிறுத்தினால் பாதி நேரத்தில் வேலை முடியும். 1897-ல் விவேகானந்தர் வந்திறங்கிய கரை அது என்று சொன்னால் பெரியவர்களும் மகிழ்ச்சியாக வருவார்கள். ராமநாதபுரத்தில் தங்கியிருப்பவர்களுக்கு அரியமான் கடற்கரை இருக்கிறது, சவுக்கு நிழலும் உண்டு. எங்கே நேரம் மிச்சமாகிறதோ அங்கேதான் உங்கள் மதியத் தூக்கம் ஒளிந்திருக்கிறது.

வேண்டாம் என்று சொன்னால் அடுத்த ஆண்டு அந்த வாடிக்கையாளர் வரமாட்டாரே?

இந்தப் பயம்தான் நம்மில் பாதிப் பேரை நோயாளி ஆக்கியிருக்கிறது. எனக்கும் பல ஆண்டு இருந்தது. பிறகு ஐந்து பேர் சேர்ந்தோம். பாம்பனில் இருவர், தங்கச்சிமடத்தில் ஒருவர், மண்டபத்தில் ஒருவர், நான். ஒவ்வொருவருக்கும் வாரத்தில் வெவ்வேறு ஓய்வு நாள். என் செவ்வாயில் வரும் ஆர்டர் பாம்பன்காரருக்குப் போகும், அவருடைய வியாழன் எனக்கு வரும். அனுப்பியவருக்குப் பத்தில் ஒரு பங்கு. ஒரே நிபந்தனை, போகிறவர் தன் முகவரி அட்டையைக் கொடுக்கக் கூடாது. முதல் ஆண்டு ஒருவர் கொடுத்துவிட்டார். கோபப்பட்டோம், ஒரு மாதம் பேசாமல் இருந்தோம், பிறகு அவரே மீன் வாங்கிக்கொண்டு வந்தார். துறைமுகத்தில் நாளைப் பிரித்துக்கொண்டவர்களும் ஒரே நாளில் ஒத்துப்போயிருக்க மாட்டார்கள்.

தனி ஆளாக ‘வேண்டாம்’ என்று சொல்வது கடினம். ‘நான் இல்லை, ஆனால் ஆள் அனுப்புகிறேன்’ என்று சொல்வது சுலபம், வாடிக்கையாளரும் முகம் சுளிப்பதில்லை. ஐந்து பேர் கிடைக்காவிட்டால் இரண்டு பேரிலிருந்து தொடங்குங்கள்.

விலையும் ஒரு வழிதான். டிசம்பர் 24 முதல் ஜனவரி 2 வரை விடுதி அறை வாடகை ஏறுகிறது, கார் வாடகை ஏறுகிறது. நம் கட்டணம் மட்டும் ஏன் ஆவணி மாத விலையில் நிற்க வேண்டும்?

இரவு பதினொரு மணிக்கு அழைத்து “நாளைக் காலை வர முடியுமா” என்கிறார்கள்.

எட்டு மணிக்கு மேல் எடுக்காதீர்கள். காலை ஏழுக்குத் திருப்பி அழையுங்கள். அதற்குள் வேறு ஆளைப் பிடித்திருந்தால் போகட்டும்.

“சித்தப்பா, ஒரே ஒரு படம்” என்று கேட்கும் உறவுக்காரர்களை என்ன செய்வது?

பொங்கலுக்குச் சென்னையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் வரும் பிள்ளைகள் ஆசையாகக் கேட்பார்கள், மறுத்தால் மனம் வாடும். ஒரே ஒரு படம் என்று தொடங்கி, பாட்டியுடன் ஒன்று, மாட்டுடன் ஒன்று, புதுச்சட்டையில் தனியாக ஒன்று என்று மாட்டுப் பொங்கல் முழுக்க அதிலேயே கழியும். நான் ஒரு நேரம் வைத்திருக்கிறேன். பொங்கல் அன்று காலை பொங்கிய பானையை இறக்கியதும் வாசலில் எல்லோரும் நிற்க வேண்டும், பத்து நிமிடம், அவ்வளவுதான். பிறகு கேமராவைப் பெட்டியில் பூட்டிச் சாவியை என் அம்மாவிடம் கொடுத்துவிடுவேன். அம்மாவிடம் சாவி கேட்க எங்கள் குடும்பத்தில் யாருக்கும் துணிச்சல் கிடையாது. அதன்பிறகு பனங்கிழங்கை உரித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பதுதான் என் வேலை.

எடிட்டிங்கை இரவில் செய்தால் பகல் மிச்சமாகுமே?

மிச்சமாகாது, தூக்கம்தான் கடனாகும். என் அனுபவத்தில் ஒரு மணி நேரம் படம் எடுத்தால் மூன்று மணி நேரம் கணினி முன் உட்கார வேண்டும். சீசனில் இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அதனால்தான் வாரத்தில் இரண்டு நாள் கணினிக்கு என்றேன். ஆல்பம் எப்போது கிடைக்கும் என்று கேட்டால் ‘சிவராத்திரிக்குப் பிறகு’ என்று ஆர்டர் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். ஊருக்குத் திரும்பும் குடும்பங்களுக்கு மட்டும் பத்துப் பதினைந்து படங்களை இரண்டு நாளில் அனுப்புங்கள், அவர்களுடைய அவசரம் அதோடு தீர்ந்துவிடும்.

தூக்கம் கெட்டால் முதலில் கெடுவது நிறம். இரவு இரண்டு மணிக்குச் சரிசெய்த முகங்கள் காலையில் பார்த்தால் மஞ்சள் காமாலை வந்தது போல இருக்கும். நிறத்தைத் திரும்பவும் சரிசெய்துகொள்ளலாம். திரும்பச் செய்ய முடியாத ஒன்றை நான் செய்திருக்கிறேன். இரண்டு நாள் சரியாகத் தூங்காத ஒரு இரவில், கார்டிலிருந்து படங்களை ஏற்கெனவே மாற்றிவிட்டேன் என்று நினைத்து அதை ஃபார்மட் செய்தேன். மாற்றியிருந்தது வேறு கார்டு. மறுநாள் அதே கார்டில் இன்னொரு நிகழ்ச்சியை எடுத்துவிட்டேன், மீட்கவும் வழியில்லை. ஒரு குழந்தையின் காதுகுத்துப் படங்கள் முழுவதும் போயின. தாய்மாமன் மடியில் உட்கார்ந்து அந்தப் பிள்ளை அழுத முகம் எனக்கு மட்டும்தான் நினைவிருக்கிறது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த அம்மா திட்டவில்லை, “பரவாயில்லை அண்ணே” என்றார். திட்டியிருந்தால் சீக்கிரம் மறந்திருப்பேன்.

அன்று முதல் இரண்டு இடத்தில் நகல் இல்லாமல் எந்தக் கார்டையும் அழிப்பதில்லை. அழிக்கும் வேலையைக் காலைக் காபிக்குப் பிறகுதான் செய்வது. இரவில் நகல் எடுப்பதோடு சரி.

புயல், மழையால் ஆர்டர் நின்றுபோனால் அந்த நாளை எப்படி ஈடு கட்டுவது?

ஏன் ஈடு கட்ட வேண்டும்? பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் படகுகள் கரையில் நிற்கும். மீனவர் சீட்டு விளையாடுவார் அல்லது தூங்குவார். நாம் மட்டும் ‘கிடைத்தது நேரம்’ என்று நிலுவை ஆல்பத்தைத் திறக்கிறோம். அந்த நாளில் பாதியை வானம் கொடுத்ததாக எடுத்துக்கொள்ளுங்கள். முன்பணத்தைத் திருப்பித் தருவதா, தேதி மாற்றித் தருவதா என்பதை ஆர்டர் ரசீதிலேயே எழுதியிருந்தால் அன்று தொலைபேசியில் மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

டிசம்பர் 23 அன்று நீங்கள் தனுஷ்கோடியில் ஆர்டர் எடுப்பதில்லையாமே?

ஆமாம். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் அந்த ஊரே போனது, பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலும் ஆட்களோடு போனது. எங்கள் தாத்தாவின் தங்கை குடும்பம் அங்கே இருந்தது. இடிந்த தேவாலயச் சுவர் முன் மற்ற நாட்களில் ஜோடிகளை நிறுத்தி எடுத்திருக்கிறேன், இனியும் எடுப்பேன். அந்த ஒரு நாள் மட்டும் மனம் ஒப்பவில்லை. எல்லோரும் இப்படி இருக்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன். அன்று வீட்டில் இருப்பேன்.

கேமரா இல்லாத நாளில் எங்கே போகலாம்?

ராமநாதசுவாமி கோயிலுக்குள் கேமராவும் கைப்பேசியும் கூடாது. பக்தர்கள் அலுத்துக்கொள்வார்கள், நமக்கு அது வரம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட தூண்கள் நிற்கும் மூன்றாம் பிரகாரத்தில், கூட்டம் குறைந்த மதியத்துக்குப் பின் வெறுங்கையோடு ஒரு சுற்று வாருங்கள். முதல் பத்து நிமிடம் விரல் துடிக்கும். எடுக்க முடியாது என்று கண்ணுக்குப் புரிந்தபின் அது பார்க்கத் தொடங்கும். தூணில் பதிந்திருக்கும் எண்ணெய்க் கறையை நான் கவனித்தது பதினைந்து ஆண்டு கழித்துத்தான்.

பிள்ளைகளோடு என்றால் காரங்காடு. சதுப்புநிலக் காட்டுக்குள் படகில் போய்வரலாம். பறவைப் பிரியர்கள் கோதண்டராமர் கோயில் பக்கம் போகலாம், பனிக்காலத்தில் பூநாரைகள் நிற்கும். 2025-ல் அந்தப் பகுதியைச் சரணாலயமாக அறிவித்தார்கள். பைனாகுலர் எடுத்துப் போங்கள், கேமரா எடுத்தால் பறவையை விரட்டத் தொடங்குவோம். அரிச்சல்முனைக்கு மட்டும் போகாதீர்கள். யாராவது அடையாளம் கண்டு, “சார், நீங்கள் போட்டோகிராபர்தானே, எங்களை ஒரு படம்” என்று கைப்பேசியை நீட்டுவார்கள்.

ட்ரோன் வாங்கினால் வேலை சுலபமாகுமா?

வேலை கூடத்தான் செய்யும். உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து கடற்படை விமானத்தளம் இருக்கிறது, கடலுக்கு அந்தப்பக்கம் இலங்கை. எங்கே ட்ரோன் பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்காமல், அனுமதி வாங்காமல் பறக்கவிட்டால் உங்கள் ஓய்வு நாட்கள் காவல் நிலைய வாசலில் கழியும்.

கருவிகளுக்கு ஓய்வு வேண்டுமா?

வேண்டும். உப்புக் காற்றில் ஒரு நாள் நின்ற கேமராவை அன்றிரவே நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள். முதலில் மணலை ஊதி அகற்றுங்கள், உலர்ந்த துணியால் தேய்த்தால் மணல் லென்ஸைக் கீறிவிடும். டிரைபாட் கால்களைக் கழற்றிக் கழுவுங்கள். கடற்கரையில் லென்ஸ் மாற்றாதீர்கள். ஏசி அறையிலிருந்து விடியலில் வெளியே எடுத்தால் கண்ணாடி வியர்க்கும்; அரைமணி நேரம் பையிலேயே இருக்கட்டும், அந்த அரைமணியில் நீங்கள் நிதானமாக டீ குடியுங்கள்.

உதவிக்கு வரும் பையன்களுக்கு என்ன ஏற்பாடு?

நீங்கள் மரத்தடியில் படுத்திருக்கும்போது அவன் ரிப்ளெக்டர் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்கிறானா என்று பாருங்கள். நான் வருடக்கணக்கில் பார்க்கவில்லை. என் செவ்வாய் அவனுக்கும் செவ்வாய், சம்பளத்தோடு. இரவு நிகழ்ச்சி முடிந்தால் அவனை வீட்டில் இறக்கிவிட்டுத்தான் நான் போவேன்.

நான் பெண். நிக்காஹ் வீடுகளில் பெண்கள் பக்கம் எடுக்க என்னைத்தான் அழைக்கிறார்கள். வீடு திரும்பினால் அடுப்படி. எனக்கு எந்தச் செவ்வாய்?

தங்கையே, மேலே எழுதியதில் பாதி உனக்குப் பொருந்தாது என்று தெரிந்தே எழுதினேன். மதியம் ஒன்றரை மணி நேரம் தூங்கு என்று எனக்குச் சொல்வது எளிது, என் வீட்டில் சோறு வடித்து வைத்திருப்பவள் என் மனைவி. அவளுக்குச் செவ்வாய் உண்டா என்று உன் கேள்வி வந்தபின்தான் யோசித்தேன். கேட்டேன், சிரித்தாள். இப்போது செவ்வாய் மதியச் சோறு கடையிலிருந்து வருகிறது. சின்ன மாற்றம்தான், பெருமைப்பட ஒன்றுமில்லை.

உனக்குச் சொல்ல என்னிடம் இருப்பது ஒன்று. பெண்கள் பக்கம் எடுக்க உன்னைப் போன்ற கைதேர்ந்தவர்கள் இந்தக் கரையில் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கிறார்கள். எங்களைவிட உன்னால் விலையைக் கூட்ட முடியும். கூட்டு. கூடுதலாக வருவதில் வீட்டு வேலைக்கு ஆள் வை. மாமியாரிடம் ‘ஓய்வு’ என்று சொல்லாதே, ‘நாளை விடியலில் ஆர்டர், இன்று தூங்கினால்தான் கை நடுங்காது’ என்று சொல். நான்கு நிக்காஹ்களில் ஒன்றை, உன்னோடு உதவிக்கு வரும் பெண்ணுக்குப் பழக்கிக் கொடு. அடுத்த ஆண்டு உனக்கும் ஆள் அனுப்ப ஆள் இருப்பாள்.

சாப்பாடு?

கல்யாண வீட்டில் முதல் பந்தியிலேயே உட்காருங்கள். கடைசிப் பந்திவரை காத்திருந்தால் ரசமும் வயிற்றெரிச்சலும்தான் கிடைக்கும். விடியல் ஆர்டருக்கு முன் வெறும் டீயோடு போகாமல் நீராகாரமோ இரண்டு வாழைப்பழமோ எடுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணே, வரும் ஜனவரி 1 விடியலில் அரிச்சல்முனையில் எங்கள் குடும்பத்தை எடுக்க முடியுமா? இரட்டிப்புக் கட்டணம் தருகிறோம்.

முடியாது. அந்த நேரம் தூங்கிக்கொண்டிருப்பேன். பாம்பன்காரர் எண்ணை அனுப்புகிறேன், ஆனால் அவரும் முந்தைய இரவு நிகழ்ச்சிக்குப் போகிறாரா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். என்னிடம் 3-ஆம் தேதி காலை இருக்கிறது, குந்துகாலில்.